திருமண நாளில் யாருக்கு விடுமுறை?

போன திருமண நாளன்று உங்கள் மனைவி எத்தனை மணிக்கு எழுந்தார்? நினைவிருக்கிறதா? நீங்கள் எழுந்தபோது காபி தயாராக இருந்தது என்பது நினைவிருக்கும். அதற்கு முன்பே வாசல் தெளித்தாயிற்று, குழாயில் தண்ணீர் பிடித்தாயிற்று, அரிசி களைந்தாயிற்று. இந்த வேலையெல்லாம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலான ஆண்களால் பதில் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் பதில் தெரியவில்லை என்றால், அன்று நாம் கொண்டாடியது எதை?

தென்காசி மாவட்டத்துச் சிவகிரியில் இன்று ஒரு திருமண நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். காலையில் கல்யாணப் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறுகிறது. கோயிலில் இருவர் பெயருக்கும் அர்ச்சனை. கணவர் கறி எடுத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். அரைப்பதும் வதக்குவதும் பரிமாறுவதும் மனைவி. சாயங்காலம் கேக். கேக் வெட்டி முடிக்கும் முன்பே சேக்காளிகளின் போன் வந்துவிடும்: “மாப்ள, ட்ரீட் எங்க?” டவுனுக்குள் என்றால் ஒயின்ஷாப். சாரல் காலம் என்றால் வேன் பிடித்துக் குற்றாலம். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி கடந்தால் அருவிதானே! வேனில் ஆண்கள் மட்டும். ஐந்தருவியில் குளியல், பிரானூர் பார்டரில் புரோட்டா, இடையில் எங்கோ ஒரு தோப்பில் பாட்டில். அந்த நேரத்தில் மணமகளாக இருந்தவர் வீட்டில் என்ன செய்கிறார்? கறிச்சட்டி தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

கொண்டாடுவது தப்பா என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. மனிதர்கள் கூடி மகிழ்வதைக் குற்றம் என்று சொல்லும் எந்தக் கொள்கையும் எனக்கு வேண்டாம். என் கேள்வி ஒன்றுதான். இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய வாழ்க்கையின் ஆண்டு நிறைவில், ஒருவர் மற்ற நாளைவிடக் கூடுதலாக உழைக்கிறார். இன்னொருவர் அவரை விட்டுவிட்டு வெளியே போய் மகிழ்கிறார். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

முதலில் பாட்டிலைப் பேசிவிடுவோம். குடிப்பது பாவம் என்று நான் சொல்லப் போவதில்லை. பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் மேலே யாரும் பேரேடு வைத்திருக்கவில்லை. குடியின் பேரேடு இங்கேயே, நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2023-24 ஆண்டில் டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறக்குறைய 45,855 கோடி ரூபாய். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் ஏறக்குறைய நான்கு ஆண்களில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் குடிப்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அப்படியானால் அத்தனை கோடியும் யார் கையால் வீட்டை விட்டு வெளியேறியது? அந்தப் பணம் போன பிறகு, மிச்சத்தை வைத்து மாதத்தை ஓட்டியது யார்? பாதுகாப்பான அளவு மது என்று எதுவுமே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஈரல் கெடுவது மட்டுமே இதன் விலை என்று நினைத்தால், பாதிக் கணக்கைத்தான் பார்த்தவர்களாவோம்.

மீதிக் கணக்கு நம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. 2018 மே மாதம் சங்கரன்கோவில் வட்டாரத்து மாணவர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவர், அப்பா குடியை விட வேண்டும், மதுக்கடைகளை மூட வேண்டும் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவம் படிக்க விரும்பிய பிள்ளை. அந்தச் செய்தி வந்த வாரம் ஊரே பேசியது. பிறகு? “ட்ரீட் எங்க?” என்ற கேள்வி ஓய்ந்ததா?

அதே குடும்ப நல ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அடி விழுவதெல்லாம் குடியால்தான் என்று சொன்னால் அது பொய். குடிக்காத கையும் அடிக்கிறது. ஆனால் கல்யாணமான நூறு வீடுகளில் முப்பத்தெட்டில் அடி விழுந்திருக்கிற மாநிலத்தில், திருமண நாள் வாழ்த்து சொல்லும்போது நம் நாக்கு கொஞ்சமாவது தயங்க வேண்டாமா?

உலகில் திராட்சை விளையும் பூமிகளில், பிரான்சிலோ இத்தாலியிலோ, கணவனும் மனைவியும் திருமண நாளுக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்குப் போய் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒயின் அருந்துவதுண்டு. அந்த நாடுகளின் மதுவை நான் புகழவில்லை. அதுவும் உடலைக் கெடுப்பதுதான். நான் பார்ப்பது மேசையை. அங்கே நாற்காலி இரண்டு, ஒன்றில் மனைவி உட்கார்ந்திருக்கிறார். இங்கே நம் கொண்டாட்டத்தில் அவருக்கு நாற்காலியே போடப்படவில்லை. நம் குடியின் நோக்கமே வீட்டை விட்டுத் தள்ளிப்போவது என்று ஆகிவிட்டது.

குடிக்காதவர்கள் இந்த இடத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். உங்களுக்கும் கேள்வி இருக்கிறது. நீங்கள் கோயிலுக்குப் போகிறீர்கள். அறுபது வயதானால் திருக்கடையூருக்குப் போகிறீர்கள். அங்கே நடப்பது யாருடைய அறுபது? கணவருக்கு அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். எல்லாமே ஆணின் வயது. இரண்டாம் முறை தாலி கட்டுகிறார்கள். ஆனால் மணவாழ்க்கை எத்தனை ஆண்டு என்பதை அங்கே யாரும் எண்ணுவதில்லை. மனைவிக்கு அறுபது வயது நிறைந்த நாள் எப்போது வந்தது, எப்போது போனது? மூன்று பிள்ளை பெற்று, மாமியாருக்குக் கடைசிவரை மலம் அள்ளி, தன் மூட்டுவலியோடு அந்த அறுபதைத் தொட்டவருக்கு ஒரு மாலையாவது விழுந்ததா? ஆணின் ஆயுளைக் கொண்டாடும் சடங்கில் பெண் உடன் உட்காரும் துணை, அவ்வளவுதான். எமனை உதைத்துத் தள்ளிய தலம் என்று நம்பிப் போகிறார்கள். எமன் பெண்களிடம் வருவதில்லையா?

காலில் விழும் தம்பதிக்குப் பெரியவர்கள் சொல்லும் வாழ்த்தையும் கவனியுங்கள். “தீர்க்க சுமங்கலியா இரு.” அதன் பொருள் என்ன? கணவனுக்கு முன்னால் நீ செத்துப்போ என்பது. அன்பான வாயிலிருந்து, அன்பாகத்தான் வருகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதைவிடக் கொடிய வாழ்த்து உண்டா? ஒரு பெண் கணவனுக்குப் பிறகும் உயிரோடு இருப்பதை அவமானமாக்கி வைத்த ஒரு சமூகம்தான், முன்னாலே செத்துப் போவதைப் பரிசாகக் கொடுக்க முடியும்.

அந்த அவமானம் உங்கள் வீட்டு விழாவிலேயே நின்றுகொண்டிருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? கணவரை இழந்த உங்கள் தாயோ, மாமியாரோ, அத்தையோ, அடுக்களை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். ஆரத்தித் தட்டைத் தொடமாட்டார். மகளுக்குக் குங்குமம் வைக்க முன்னே வரமாட்டார். “நீ வை, நான் வேண்டாம்” என்று யாரையாவது கைகாட்டுவார். உங்களைப் பெற்று வளர்த்தவரின் கை, உங்கள் நல்ல நாளில் தீட்டுக் கையா? எந்த ஆண்டவன் இதைக் கேட்டான்? கேட்டிருந்தால், அவனை எதற்கு வணங்க வேண்டும்? கேட்கவில்லை என்றால், இந்தக் கொடுமையை நடத்திக்கொண்டிருப்பது நாம்தானே?

நம் வட்டாரத்தின் பெரிய விழா சங்கரன்கோவில் ஆடித்தபசு. கோமதி அம்மன் தவம் நிற்பார், சங்கரநாராயணர் வந்து காட்சி கொடுப்பார். சிவனும் திருமாலும் ஒன்றே, உங்களுக்குள் சண்டை எதற்கு என்று சொல்ல வந்த கதை அது. அந்த நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கண்களில் பதியும் காட்சி எது? பெண் நிற்கிறாள், காத்திருக்கிறாள். ஆண் தனக்கு நேரம் வரும்போது வருகிறான். அதைப் பார்த்து வளரும் பையன் என்ன கற்றுக்கொள்கிறான்? இரவு பதினொரு மணிக்கு வேனிலிருந்து இறங்கும் கணவனுக்காகச் சோற்றை மூடிவைத்துக் காத்திருப்பது பெண்ணின் இயல்பு என்று அவன் நம்பினால், குற்றம் அவனுடையது மட்டுமா?

மதுக்கடையும் கோயிலும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கடை குடும்பத்தை அழிக்கிறது; கோயிலில் பலருக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் திருமண நாளன்று இரண்டும் கணவனுக்கு ஒரே உதவியைச் செய்கின்றன. மனைவியின் முகத்தை நேராகப் பார்த்து, “இந்த ஆண்டு நான் உன்னிடம் எப்படி நடந்துகொண்டேன்?” என்று கேட்காமல் தப்பிக்க வழி கொடுக்கின்றன. அர்ச்சனைச் சீட்டு வாங்கினால் கடமை முடிந்தது. பாட்டில் வாங்கினால் நட்புக் கடன் முடிந்தது. மனைவிக்குப் பட்ட கடன் அடுத்த ஆண்டுக்கு ஏறுகிறது.

இதே தென் தமிழ்நாட்டில் வேறொரு வழியை நம் முன்னோர் காட்டினார்கள். 1928-இல், அருப்புக்கோட்டை வட்டாரத்துச் சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, புரியாத மந்திரம் இல்லை. இரண்டு மனிதர்கள், சாட்சிக்குச் சுற்றமும் நட்பும். அந்தத் திருமணங்கள் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்களை ஊர் என்னவெல்லாம் சொல்லியிருக்கும், நினைத்துப் பாருங்கள். 1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறியது. அந்தப் பிரிவு கேட்பது மிக எளிது: இருவரும், தங்களுக்குப் புரியும் மொழியில், ஒருவரை ஒருவர் ஏற்கிறோம் என்று அறிவித்தாலே போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். சாட்சி மனிதர்கள்தான்.

வானத்தைச் சாட்சி வைக்காமல் மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடு என்றால், அதைக் காப்பாற்றும் பொறுப்பும் மனிதர்களுடையது. இங்கே சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டோரையும் சேர்த்தே கேட்கிறேன். மேடையில் சமத்துவ உறுதிமொழி சொன்ன எத்தனை தோழர்கள் வீட்டில் சமையற்கட்டு சமத்துவமாக இருக்கிறது? கருப்புச் சட்டையைத் துவைத்து மடித்து வைப்பது யார்?

எண்ணிலேயே பார்ப்போம். மத்தியப் புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு, கூலியில்லாத வீட்டு வேலை செய்பவர்களைக் கணக்கெடுத்தது. பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அதிலும் அந்த வேலையில் கைவைக்கும் ஆண்களே சிறுபான்மை. 289 நிமிடத்தை இருபத்தைந்து ஆண்டுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 44,000 மணி நேரம் வருகிறது. எட்டு மணி நேர வேலை, ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று வைத்தால், பதினெட்டு ஆண்டுச் சம்பளமில்லாத உத்தியோகம். வெள்ளிவிழாக் கொண்டாடும் தம்பதியில் ஒருவர் இதை முடித்திருக்கிறார். பிஎஃப் இல்லை, பென்ஷன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை.

இது வீட்டு வேலை மட்டும். நம் மாவட்டத்துப் பெண்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்களா? பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் நிரப்பி, சுற்றி, நூல் கட்டுகிறார்கள். வயலுக்குப் போகிறார்கள், எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போகிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பெண்ணின் கணவரிடம் கேளுங்கள், “வீட்டம்மா என்ன செய்றாங்க?” என்று. “சும்மாதான் இருக்கா, பீடி சுத்துறா” என்பார். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அந்தச் சும்மாவிலிருந்துதான் போகிறது.

“அவள் விரும்பித்தானே செய்கிறாள்? என் மனைவிக்குச் சமைப்பது பிடிக்கும்” என்று ஒரு வாதம் வரும். பிடிக்கலாம். ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததா? வேண்டாம் என்று சொல்ல முடியாதவரின் சம்மதத்தை விருப்பம் என்று எப்படி அழைப்பது? ஒரு வாரம் அவர் அடுப்பைத் தொடாமல் இருந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? உங்கள் அம்மா என்ன சொல்வார்? அவருடைய அம்மா என்ன சொல்வார்? பதில் உங்களுக்கே தெரியும். அந்தப் பயத்தின் மேல் நிற்கும் சமையலை அன்பு என்று மட்டும் சொல்லிக் கடந்து போகக் கூடாது.

நீதிமன்றம்கூட இதைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் காத்தார். சொத்து யாருக்கு என்று வழக்கு. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டை நடத்தியவரின் உழைப்பும் அந்தச் சொத்தைச் சேர்த்திருக்கிறது, அதில் அவருக்குப் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கிய மாநில அரசு, அதை உதவித்தொகை என்று சொல்லாமல் மகளிர் உரிமைத்தொகை என்றது. தொகை சிறியது. ஆனால் நீதிமன்றமும் அரசும் ஒப்புக்கொண்ட கடனை, கட்டில் வரை பகிர்ந்த கணவன் இன்னும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது என்ன நேர்மை?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. உங்கள் திருமண நாளுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்களில் எத்தனை பேர் இன்னொருவர் திருமணத்தை உடைக்கத் தயாராக இருக்கிறார்கள்? உடுமலைப்பேட்டை சங்கரும் கௌசல்யாவும் 2015 ஜூலையில் சாதி கடந்து மணந்துகொண்டார்கள். 2016 மார்ச்சில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். முதல் திருமண நாளைக்கூட அவர்களுக்குச் சாதி விட்டுவைக்கவில்லை. தன் கல்யாணப் படத்துக்கு வாழ்த்துக் கேட்கும் ஒருவர், தன் மகள் தேர்ந்தெடுத்தவனின் சாதியைக் கேட்டு அரிவாளைப் பற்றிப் பேசினால், அவர் கொண்டாடுவது திருமணத்தை அல்ல, தன் சொந்தச் சாதியை.

என்ன செய்யலாம் என்கிறீர்களா? வெகுதூரம் போக வேண்டியதில்லை. குற்றாலம் பக்கத்தில்தான் இருக்கிறது. இருவரும் போங்கள். சேக்காளிகள் இன்னொரு நாள் வரட்டும். ஆனால் போகிற விதத்தைப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அவர் கட்டித்தரும் புளியோதரைப் பொட்டலத்தோடு போனால், அது அவருக்கு இடம் மாறிய சமையல்தான். அருவிக் கரையில் துணிப் பையையும் செல்போன்களையும் காத்துக்கொண்டு நனையாமல் நிற்பவர் பெரும்பாலும் யார் என்று உற்றுப் பாருங்கள். அந்தப் பையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் பக்கத்தில் அவர் ஆசை தீரக் குளிக்கட்டும், எத்தனை நேரமானாலும். எங்கே சாப்பிடுவது என்பதை அவர் சொல்லட்டும். ராத்திரி வீடு திரும்பியபின் ஈரத்துணி அலசுவதும் உங்கள் வேலை. உங்கள் தாய் கணவரை இழந்தவர் என்றால், அடுத்த விழாவில் முதல் வாழ்த்தை அவர் கையால் பெறுங்கள். ஊர் முணுமுணுத்தால் ஊருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

ஒரு நாள் நல்லவராக இருப்பது எளிது, தோழரே. மறுநாள் காலையில் என்ன மாறியது என்பதுதான் சோதனை. அதனால் எழுத்தில் நிற்கும் ஒன்றைச் செய்யுங்கள். நீங்கள் இருவரும் உழைத்து வாங்கிய வீட்டின் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பட்டாவைப் பாருங்கள். அதில் அவர் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் இல்லை? புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்ய 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகையும் உண்டு. கேக்குக்கும் மாலைக்கும் செலவழிக்கும் முன் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போங்கள். நாற்பத்து நான்காயிரம் மணி நேரம் உழைத்தவருக்கு அந்த வீட்டில் பாதி சொந்தம். அதை எழுதிக் கொடுங்கள்.